முதல் வாரம்: பழக்கத்தின் பின்னால் ஒரு வேலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஆரோவில் வருகிறவர்கள், ஊர் வந்து சேர்வதற்குள் இரண்டு முறை மாநில எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து சற்றுத் தூரம் வந்தால் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி தொடங்குகிறது. காலாப்பட்டு, பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடி எல்லாம் தாண்டி, பொம்மையார்பாளையத்தில் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக ஆண்ட நிலம் 1954-இல் துண்டு துண்டாகவே நம்மிடம் வந்ததன் விளைவு இது. இந்த எல்லைகளில் மாறுவது பெட்ரோல் விலையும் மதுக்கடைகளின் நெருக்கமும் வண்டிகளின் நம்பர் பிளேட்டும்தான். பேச்சு மாறாது, சாப்பாடு மாறாது, பெரியவரைக் கண்டால் எழுந்து நிற்பதும் மாறாது. அதன் பிறகு பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பிக் குயிலாப்பாளையம் வழியாக மேட்டில் ஏறினால் நிலைமை தலைகீழாகிறது. மாநிலம் மாறவில்லை, மாவட்டம் அதே விழுப்புரம், வட்டம் அதே வானூர். ஆனால் ரூபாய் நோட்டை நீட்டினால் வேண்டாம் என்கிறார்கள், எழுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கோ தொண்டு வேலைக்கோ சில மாதம் தங்க வருகிற தமிழ் இளைஞருக்கு, பாஸ்போர்ட் எடுக்காமலே வெளிநாட்டில் இறங்கிவிட்ட உணர்வு வருவது இங்கேதான். அந்த முதல் வாரத்தில் கண்ணில் படும் சிறு வித்தியாசங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

வழியில் பார்த்த மரக்காணத்து உப்பளத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, நீண்ட கழி வைத்த பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கிவிடுவார்கள். வரப்பின் மேல் கண்ட இடத்தில் கால் வைத்தால் சத்தம் போடுவார்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வேலையே கிடையாது. இதையெல்லாம் பார்க்கிற எவரும் ‘மரக்காணத்து ஆட்களின் பண்பாடு இப்படி’ என்று சொல்வதில்லை. வெயிலும் உப்பின் வெள்ளைப் பளிச்சும் சேர்ந்தால் பகலில் கண் கூசும், அதனால் இருட்டிலேயே எழுகிறார்கள். வரப்பு உடைந்தால் ஒரு பாத்தியின் அடர்ந்த நீர் அடுத்த பாத்தியின் அடர்த்தி குறைந்த நீரோடு கலந்து பல நாள் காய்ச்சல் வீணாகும், அதனால் கத்துகிறார்கள் என்று எளிதாகப் புரிந்துகொள்கிறோம். அதே நாம், இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஆரோவிலுக்குள் நுழைந்ததும் ‘வெள்ளைக்காரங்க அப்படித்தான்’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். உப்பளத்துக்கு ஒரு நியாயம், ஆரோவிலுக்கு வேறொரு நியாயம். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: முதல் வாரத்தில் உங்களை உறுத்துகிற பழக்கங்களில் பெரும்பாலானவை எந்த நாட்டிலிருந்தும் வந்தவை அல்ல. இந்த இடத்தின் மண், தண்ணீர், பணம், சொத்து பற்றிய ஏற்பாடுகளிலிருந்து முளைத்தவை. ஆகவே ஒரு பழக்கத்தைக் கண்டால் அது எந்த நாட்டுப் பழக்கம் என்று யோசிக்காமல், அது இங்கே என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். அவசரத் தீர்ப்பும் குறையும், அசட்டுப் பின்பற்றலும் குறையும்.

நாட்டை வைத்து விளக்குவது ஏன் சரிப்படாது என்பதற்கு முதல் சான்று, இங்கே இருக்கிறவர்களே. ஏறத்தாழ 60 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,300 பேர் ஆரோவில்வாசிகளாக வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரிய கூட்டம் பிரெஞ்சுக்காரர்களோ ஜெர்மானியர்களோ அல்ல, இந்தியர்கள். அதிலும் கணிசமானோர் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற சுற்றுக் கிராமங்களில் பிறந்த தமிழர்கள். பெயரைக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ஆரோவிலைத் தொடங்கிய ஸ்ரீ அன்னை, மிர்ரா அல்ஃபாசா, பலருக்குத் தாமே பெயர் கொடுத்தார். பிற்பாடு வந்தவர்களில் தாங்களாகப் பெயர் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. சமஸ்கிருதப் பெயரோடு ஒரு ஐரோப்பியப் பெண்மணி வந்து நிற்பார், தமிழ் நன்றாகப் பேசுவார். பக்கத்தில் நிற்கும் மாநிறத்து இளைஞருக்குப் பிரெஞ்சுதான் நாவில் முதலில் வரும். குடியிருப்புகளின் பெயர்களும் இப்படித்தான்: சர்ட்டிட்யூட், ஆஸ்பிரேஷன், டிசிப்ளின், ஃபெர்டைல். வீட்டு எண், தெரு எண் கிடையாது. குடியிருப்பின் பெயர்தான் முகவரி. கிராமத்துக்காரர்களோ டீக்கடை, கோயில், பஸ் நிறுத்தம் வைத்து வழி சொல்வார்கள். இரண்டு வரைபடத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பியவர்கள் இரவில் செம்மண் பாதையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். விளக்கில்லாத பாதைகள் நிறைய, டார்ச் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஆளைக் கூப்பிடும் விஷயத்தில் ‘சார், மேடம்’ இங்கே எடுபடாது. ஆங்கிலத்தில் பேசும்போது வெறும் பெயர் போதும், அதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தமிழில் பேசும்போது அக்கா, அண்ணா என்று பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பலருக்கும் அந்த முறை பழகிப்போயிருக்கிறது. இடையஞ்சாவடிப் பெரியவரிடம் போய் ஆங்கிலத்துப் பாணியில் வெறும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், அங்கே பழைய சட்டம்தான்.

பணத்துக்கு வருவோம், அதிகம் குழம்புவது இங்கேதான். விருந்தினராகத் தங்குகிறவருக்கு ஆரோகார்டு என்று ஓர் அட்டை கிடைக்கும். அதில் பணம் போட்டுவைத்துக்கொண்டு அதைக் காட்டித்தான் பல இடங்களில் சாப்பிடவும் வாங்கவும் முடியும். பையில் பணம் இருந்தும் சோறு வாங்க முடியாத நிலை தமிழ்நாட்டில் வேறெங்கும் வராது. கோபம் வருவது இயல்பு. இதன் வேர் 1954-இல் அன்னை எழுதிய ‘ஒரு கனவு’ என்னும் சிறு எழுத்திலேயே இருக்கிறது. பணம் எல்லாவற்றுக்கும் எஜமானாக இல்லாத ஓர் இடம் என்பது அந்தக் கனவின் ஒரு பகுதி. வெளியுலகோடு பணம் புழங்கத்தான் செய்கிறது. உள்ளுக்குள் நோட்டு கைமாறாமல் கணக்கில் பற்று வைத்துக்கொள்வது அந்தக் கனவுக்கும் நடைமுறைக்கும் நடுவே ஏற்பட்ட சமரசம். சொத்து விஷயமும் இதோடு சேர்ந்தது. நிலமும் வீடும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆரோவில் அறக்கட்டளைக்கு உரியவை. ஒருவர் தம் கைக்காசைப் போட்டு வீடு கட்டியிருந்தாலும் அது அவர் சொத்தாகாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. முழுநேரம் வேலை செய்கிறவருக்கு மாதாமாதம் கிடைப்பது பராமரிப்புத் தொகை. அதில் ஒரு பகுதி பணமாக வராமல் பொருளாகவும் சாப்பாடாகவும் வரும். இப்போது நம் ஊரில் ஆளைப் பழகிக்கொள்ளக் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். சொந்த வீடா, வாடகையா? சம்பளம் எவ்வளவு? நம்மிடையே இவை அன்பாகவே கேட்கப்படுகின்றன. எதிரில் இருப்பவரின் பாரத்தை அறிந்துகொள்ளும் வழி அது. இங்கே அவற்றுக்குப் பதிலே இல்லை. எதிராளி சற்றுத் திகைத்துப் பேச்சை மாற்றினால் திமிர் என்று நினைக்க வேண்டாம். கேள்வி அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

சாப்பாட்டில் வித்தியாசம் சுவையில் மட்டும் இல்லை. சோலார் கிச்சன் என்னும் பொதுச் சமையற்கூடத்தின் மொட்டைமாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று இருக்கிறது. கண்ணாடிச் சில்லுகள் பதித்த அந்தக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்க, அந்த நீராவியில் சமையல் நடக்கிறது. மதியத்தில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் இடம். இது போன்ற சமையற்கூடங்கள் பலவற்றில் இன்றைக்கு நான் சாப்பிட வருகிறேன், கூட ஒருவர் வருகிறார் என்று முன்பே பெயர் கொடுக்க வேண்டும். சொல்லாமல் நண்பனைக் கூட்டிப்போனால் முகம் சுளிப்பார்கள். நமக்கு இது சுருக்கென்று தைக்கும். ‘ஒரு ஆளுக்குச் சோறு இருக்காதா?’ என்பது நம் வீட்டுக் கேள்வி. ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு அரிசியைக் கொஞ்சம் கூடப் போட்டால் தீர்ந்தது. ஆனால் ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் ஓர் ஆள் கூடுவதும், நூற்றுக்கணக்கானோருக்குத் தலை எண்ணிச் சமைக்கும் இடத்தில் ஆளாளுக்கு ஒருவரைக் கூட்டிவருவதும் ஒன்றல்ல. நம் கல்லூரி விடுதி மெஸ்ஸிலும் இதே விதிதான். அங்கே நாம் அதை வெள்ளைக்காரத்தனம் என்று சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய், மிச்சத்தை அதற்குரிய வாளியில் தட்டிவிட்டு வைக்க வேண்டும். சில குடியிருப்புகளில் கழுவியும் வைக்க வேண்டும். அந்த மிச்சம் உரக்குழிக்குப் போவதால் பிளாஸ்டிக்கையோ காகிதத்தையோ அதில் போடக் கூடாது. எச்சில் விஷயம் மட்டும் வேறு மாதிரி. பாட்டிலை வாயில் வைத்துக் குடித்துவிட்டு உங்களிடம் நீட்டுவார்கள், சுவை பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடுகிறவரும் உண்டு. வாங்கிக்கொண்டு அண்ணாந்து குடியுங்கள், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

மண் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் போட்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது, இந்த மேடு பெரும்பாலும் மரமற்ற செம்மண் பொட்டலாக இருந்தது. ஒரு பெருமழை பெய்தால் மேல்மண் ஓடைகளாக அரித்துக்கொண்டு கிழக்கே கடலுக்குப் போகும், கரையோரக் கடல் சிவக்கும். மழை அறுத்த பள்ளத்தாக்குகளை இன்றும் பார்க்கலாம். முதலில் வந்தவர்கள் தலையாய வேலையாகச் செய்தது தண்ணீர் விழுந்த இடத்திலேயே நிற்கும்படி வரப்புப் போட்டதும், மரம் வைத்ததும்தான். தொடக்கத்தில் சீக்கிரம் வளரும் அயல்நாட்டு அக்கேசியாவை நட்டார்கள். பிறகு இந்தக் கரைக்கே உரிய, என்றும் பசுமையான வறண்ட காட்டின் மரங்களைத் தேடிப் போனார்கள். அவை மிஞ்சியிருந்த இடங்களில் முக்கியமானது நம் கோயில் காடு. இதே கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அப்படிப்பட்டது. ஐயனாருக்குப் பயந்து யாரும் சுள்ளிகூட ஒடிக்காததால் தப்பிப் பிழைத்த காசானும் வீரையும் இன்று ஆரோவில் காடுகளில் வளர்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு, காட்டுக் குடியிருப்புகளில் உங்களுக்குச் சொல்லப்படும் விதிகளைப் பாருங்கள். படலைத் திறந்தால் உடனே மூடு. பாதையை விட்டு விலகாதே. வரப்பை மிதிக்காதே. காய்ந்த இலையைக் கூட்டித் தள்ளாதே, எரிக்கவும் எரிக்காதே. வாசல் பெருக்கிச் சுத்தமாக வைத்துப் பழகிய கைக்குக் கடைசி விதி பெரிய சோதனை. சருகு மெத்தையாகக் கிடப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றும். ஆனால் சருகு மக்கினால்தான் இந்த மண்ணில் ஈரம் நிற்கும். படல் திறந்திருந்தால் ஓர் ஆடு அரை மணியில் மூன்று வருஷத்துக் கன்றுகளை மொட்டையடித்துவிடும். ஐயனார் காட்டில் சாமி செய்த வேலையை இங்கே ஒரு படல் செய்கிறது. இதில் எது மேல்நாட்டுப் பண்பாடு, எது தமிழ்ப் பண்பாடு என்று பிரிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

மௌனமும் இப்படித்தான், ஆனால் பாதிக்குமேல் கொள்கை. ஆரோவிலின் நடுவே உள்ள தியான இடமான மாத்ரிமந்திர் 2008-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பொன்தகட்டு உருண்டையைப் பார்க்க வருகிற நம்மவர்கள் சன்னதியைத் தேடுகிறார்கள், கற்பூரத் தட்டைத் தேடுகிறார்கள், பிரசாதம் எங்கே என்று கேட்கிறார்கள். அது கோயில் அல்ல. எந்த மதத்துக்கும் உரியதாக ஆகக் கூடாது என்பது தொடங்கியவரின் விருப்பம். பார்வையாளர் மையத்தில் அனுமதிச்சீட்டு வாங்கி நடந்து போய்த் தூரத்திலிருந்து பார்ப்பது ஒன்று. முன்பதிவு செய்து உள் அறையில் அமர்வது வேறொன்று. உள்ளே போகிறவர்களுக்கு வெள்ளைக் காலுறை தருவார்கள். அதற்குத் தத்துவம் தேடி ஓட வேண்டாம்: உள்ளே தரை முழுக்க வெள்ளை, வெளியே செம்மண். நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள பளிங்குக் கோளம், அதன் மேல் விழும் ஒரு கற்றை வெயில்; பூ இல்லை, படம் இல்லை, ஊதுவத்தி இல்லை. இருமல் வந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பிப்ரவரி 28 விடியற்காலையில் ஆம்பிதியேட்டரில் தீ மூட்டி எல்லோரும் சுற்றி அமர்வார்கள். நம் விழாக்களுக்குப் பழகியவருக்கு அங்கே வரவேற்புரையும் பொன்னாடையும் நன்றியுரையும் இல்லாதது ஏதோ பாதியில் நின்ற விழாவைப் போல இருக்கும். கைதட்டலும் கிடையாது, படம் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வார்கள். (பொன்னாடை இல்லாத விழாவைத் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் சிபாரிசு செய்யலாம்.) பல மொழிக்காரர்கள் கூடும் இடத்தில் எந்த மொழியில் வரவேற்பது என்ற சிக்கலையும், யாரை மேடையேற்றுவது என்ற சண்டையையும் அந்த மௌனம் ஓசையில்லாமல் தீர்த்துவைக்கிறது என்பதையும் கவனிக்கலாம்.

அப்படியானால் நாட்டுப் பழக்கம் என்று ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்வதும், பார்த்தவுடன் அணைத்துக்கொள்வதும் செம்மண்ணில் முளைத்தவை அல்ல. பத்து மணி என்றால் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நிற்பவரும், பத்தரைக்குச் சிரித்துக்கொண்டே வருபவரும் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் இதில் இரண்டு இடைஞ்சல்கள் இருக்கின்றன. ஒன்று, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்த வழக்கங்கள் எல்லாம் கலந்துபோய்விட்டன. அணைத்துக்கொள்பவர் தமிழராகவும் கைகூப்புகிறவர் இத்தாலியராகவும் இருப்பது சாதாரணம். இரண்டு, வந்த முதல் வாரத்தில் எது ஊர் வழக்கம், எது நாட்டு வழக்கம், எது அந்த ஓர் ஆளின் குணம் என்று பிரித்தறியும் அளவுக்கு உங்களிடம் அனுபவம் இருக்காது. தெரியாத இடத்தில் ஊகத்தைத் தள்ளிப்போடுவதுதான் லாபம். அணைப்பு வேண்டாம் என்று தோன்றினால் அரையடி முன்னதாகவே கைகூப்பி வணக்கம் சொல்லிவிடுங்கள். எல்லோரும் அதைப் புரிந்துகொள்வார்கள். இதன் மறுபக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் கேட்கும் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’, ‘என்ன, குண்டாயிட்டீங்களே’, ஆமோதித்துத் தலையை இருபக்கமும் ஆட்டுவது, ஆண் நண்பர்கள் கைகோத்து நடப்பது, இவற்றையெல்லாம் புதிதாக வந்த வெளிநாட்டார் ‘இந்தியர்கள் இப்படித்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி நமக்கு எவ்வளவு எரிச்சலூட்டுகிறதோ, நம்முடைய ஒரு வரியும் அவர்களுக்கு அவ்வளவு எரிச்சலூட்டும்.

இன்னொரு மறுப்பு கோபமாகவே வரும்: நம்ம மண்ணில் நாம் ஏன் அவர்கள் பழக்கத்துக்கு வளைய வேண்டும்? இந்தக் கோபத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பக்கத்து இரும்பை மாகாளேசுவரர் கோயில் சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன்பே பாடப்பட்ட ஊர் இது. ஆரோவில் நிலம் கிராமத்தாரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கப்பட்டது. திட்டமிட்ட நகர எல்லைக்குள் தனியார் நிலங்கள் இன்றும் ஊடாடிக் கிடக்கின்றன. ஆனால் வளைவது ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. முதலில் வந்தவர்கள் கீற்று வேயவும் சவுக்குக் கழியில் குடிசை கட்டவும் கிராமத்தாரிடம்தான் கற்றார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதும், கேழ்வரகும் வரகும் சமைப்பதும் அப்படி வந்தவையே. கிராமத்துக்குள்ளும் கடற்கரையிலும் உடலை மறைத்து உடுத்துங்கள் என்று வெளிநாட்டு விருந்தினருக்குச் சொல்லித்தருவதும் நம் உணர்வை மதித்து வந்ததுதான். அதே மரியாதையை நாமும் காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. குட்டைக் கால்சட்டையில் சைக்கிள் ஓட்டிப்போகிற பெண்ணை முறைத்துப் பார்ப்பதும், கேட்காமல் செல்ஃபிக்குள் இழுப்பதும் எந்த மண்ணின் உரிமையும் அல்ல. அவர் அங்கே குடியிருக்கிறார், கடைக்குப் போகிறார். மேலும், ஒரு விதியின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதால் அதற்கு அடிமையாகிவிடுவதில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் அதை மறுக்கவும் தகுதி வருகிறது.

மறுக்க வேண்டியவையும் இருக்கின்றன. அதுதான் மிகக் கனமான மூன்றாவது மறுப்பு. எல்லாப் பழக்கத்துக்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டால் ஏற்றத்தாழ்வுக்கும் வெள்ளையடித்ததாக ஆகாதா? சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆரோவிலுக்குள் கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்ய வருகிறார்கள்: தோட்டத்தில், பட்டறையில், வீட்டில். எல்லோரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் இடத்தில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா மட்டும் முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கினால், அந்தச் சமத்துவம் எந்த வாசல் வரைக்கும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். கூட்டங்களின் மொழியையும் பாருங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ், சமஸ்கிருதம் நான்கும் ஆரோவிலின் மொழிகள் என்றாலும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. அது செய்யும் வேலை தெளிவானது, அறுபது நாட்டாருக்கும் ஒரு பொதுத் தளம் வேண்டும். அந்த வேலைக்கான செலவை யார் கொடுக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான், ஆங்கிலம் சரளமாக வராத கிராமத்துத் தமிழர் கூட்டத்தில் வாய்திறக்காமல் இருப்பது கண்ணில் படும். ‘அவங்க கல்ச்சர்’ என்று சொல்லியிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்துபோயிருக்கும். ஆகவே என்ன வேலை என்ற கேள்வியோடு, யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆரோவில்காரர்களே இதிலெல்லாம் ஒரே கருத்து உடையவர்கள் அல்ல. 2021 டிசம்பரில், நகர வரைபடத்தில் உள்ள வட்டச் சாலையான கிரவுன் சாலைக்காகக் காட்டில் இயந்திரங்கள் இறங்கி மரங்களை அகற்றியபோது, முதலில் வகுத்த நகர வரைபடப்படி கட்டியே ஆக வேண்டும் என்றவர்களும், வளர்ந்த காட்டுக்கேற்ப வரைபடம் மாறட்டும் என்றவர்களுமாக ஊர் இரண்டுபட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் வாரத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் காது கொடுங்கள், கட்சி எடுக்காதீர்கள்.

எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வந்த அன்றே ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?’ என்று தொடங்கினால் குற்றம் சாட்டுவதாகத் தோன்றும். ‘இதை எப்படிச் செய்ய வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டு கூடவே கைகொடுங்கள். படலை எப்படிக் கட்டுவது, மிச்சத்தை எந்த வாளியில் போடுவது என்று காட்டித்தருகிறவர் காரணத்தையும் தாமாகவே சொல்லிவிடுவார். ஒரே விஷயத்தை இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும்: நெடுநாளாக அங்கே குடியிருப்பவர் ஒருவர், கிராமத்திலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர் ஒருவர். முதலாமவர் அந்த விதி எதற்காக உண்டாயிற்று என்பதைச் சொல்வார். இரண்டாமவர் அது இன்று எப்படி நடக்கிறது, எங்கே நடப்பதில்லை என்பதைச் சொல்வார். இரண்டாமவரை வேலை நேரத்தில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் குயிலாப்பாளையம் கடைத்தெருவில் டீ குடிக்க நிற்பார்கள், அப்போது பேச்சுக் கொடுக்கலாம். அங்கே ஆரோகார்டு செல்லாது. சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள்.